மஸ்கெலியாவின் பழைய ஊரை மேலிருந்து தேடுங்கள்

கணினியில் கூகுள் எர்த் புரோ (பூமியின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் மென்பொருள், இலவசம்தான்) இருந்தால், இலங்கை மலையகத்தில் உள்ள மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைத் தேடிப் பாருங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரிவதை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம்.

மேலே கடிகாரம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய படங்களின் காலக்கோடு வரும். அதை மெதுவாக நகர்த்துங்கள். நீர் வற்றிய படத்தில் கரையைச் சுற்றி செம்மண் பட்டை அகலமாகத் தெரியும். நிறைந்த படத்தில் பச்சை மலை அப்படியே தண்ணீரைத் தொடும். நம் மலைக்கு எப்போதும் மேகம்தான் தொல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த படங்களை முதலில் பாருங்கள், பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அப்புறம் தேடும் இடத்தில் 21.12, -11.40 என்று போடுங்கள். மொரிட்டானியாப் பாலைவனத்தில் சுமார் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வட்டத்துக்குள் வட்டமாக ஒரு பாறை அமைப்பு, சஹாராவின் கண். தரையில் நின்றால் அந்த வட்டம் பிடிபடாது. உயரத்திலிருந்து பார்த்தால்தான் அது கண். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.