வீட்டில் செய்யும் விஞ்ச் பம்பர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனுக்குத் தெற்கே ஜேக்கப்ஸ், மொபேனி பகுதிகளில் இரும்புத் தகடு எளிதாகக் கிடைக்கிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று நம்மவர்கள் வாழும் இடங்களில் வீட்டுப் பின்கட்டிலேயே வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் வைத்திருப்பவர்கள் பலர். பக்கி எனப்படும் பிக்கப் வண்டிக்கு முன்பம்பரைக் கடையில் வாங்காமல் தாமே செய்து, அதில் ஒரு விஞ்சையும், அதாவது சிக்கிய வண்டியைக் கயிற்றைச் சுற்றி இழுத்து மீட்கும் மின் இயந்திரத்தையும், பொருத்திவிடலாம் என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. கவனமாகச் செய்தால் அது நடக்கக்கூடிய காரியமே. ஆனால் பெரும்பாலானவர்கள் பம்பரின் முகப்பிலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள்: விளக்கு எங்கே, வளைவு எப்படி, குழாய் எவ்வளவு உயரம் என்று வரைந்து முடித்த பிறகுதான் அதை வண்டியில் எப்படி மாட்டுவது என்று யோசிக்கிறார்கள். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே பிறக்கின்றன. கயிற்றில் உண்டாகும் இழுவை விஞ்சின் கால்களுக்கும், அங்கிருந்து அது அமர்ந்திருக்கும் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து பக்கத் தகடுகள் வழியாகச் சேசிஸின் இரு கைகளுக்கும் (வண்டியின் அடிச்சட்டத்தில் முன்னோக்கி நீளும் இரு உத்தரங்களுக்கும்) போய்ச் சேர வேண்டும். இந்த வழியில்தான் பலம் தேவை; முகப்புத் தகடு வெறும் உறையாக இருந்தாலும் போதும்.

அந்த இழுவை எவ்வளவு என்பதைக் குறைத்து மதிப்பிடுவது முதல் தவறு. வண்டியின் முழுச் சுமை எடையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இழுக்கக்கூடிய விஞ்சைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். 9,500 பவுண்டு விஞ்ச் என்றால் ஏறக்குறைய 4,300 கிலோ. 12,000 பவுண்டு என்றால் 5,400 கிலோவுக்குச் சற்று மேல். உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்றடுக்காக இருக்கும்போது கிடைக்கும் அளவு இது. அடுக்குகள் கூடக்கூட இழுவை குறையும். இதற்கு மேல் பலர் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. மரத்தில் கப்பியை மாட்டிக் கயிற்றின் நுனியைத் திரும்பக் கொண்டுவந்து பம்பரிலேயே கொக்கி போட்டால், விஞ்ச் ஒருபுறமும் கொக்கி மறுபுறமும் ஆக இரண்டு இழுவைகள் அதே பம்பரில் விழுகின்றன. 4,300 கிலோ விஞ்சைத் தாங்கும் என்று எண்ணிச் செய்த பம்பர் அப்போது 8,600 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். இழுக்கும் திசை நேராக இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் சுமை இரு கைகளுக்கும் சமமாகப் பிரியாது. ஒரு பக்கத் தகடே பெரும்பங்கை ஏற்க நேரிடும். எனவே ஒவ்வொரு பக்கமும் தனியாகவே முழு விஞ்சையும் தாங்கும் என்று கொண்டு செய்வதுதான் சரியான அணுகுமுறை.

அடுத்தது போல்ட். தலையில் 8.8 என்று வலிமை வகையை முத்திரையிட்ட எம்12 (12 மில்லிமீட்டர்) போல்ட் ஒன்று, மரை உள்ள பகுதியில் குறுக்கே வெட்டுப்படும்போது ஏறக்குறைய 4 டன்னில் அறுந்துபோகும். வேலைச் சுமை அதைவிட வெகுவாகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதால், பக்கத்துக்கு இரண்டு போல்ட் போட்டுத் திருப்தி அடைவது போதாது. நான்கு வேண்டும், அவையும் ஒரே வரிசையில் இல்லாமல் மேலும் கீழும் பரவியிருக்க வேண்டும். முத்திரையே இல்லாத போல்ட்டையும், நீளமாக விற்கும் மரைக்கம்பியை வெட்டியெடுத்த துண்டையும் இந்த இடத்தில் பயன்படுத்தவே கூடாது. கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு சபலமும் உண்டு: துருப்பிடிக்காது என்பதற்காகத் துருவேறா எஃகு போல்ட்டுக்கு மாறுவது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8 வகையோ 640 வரை தாங்கும். துருவைத் தடுக்க வேண்டுமானால் நாகப் பூச்சுள்ள 8.8 போல்ட்டை வாங்குவதே முறை.

சேசிஸின் கை உள்ளே வெற்றிடமான பெட்டி என்பதை மறந்துவிடக் கூடாது. அதன் குறுக்கே போல்ட்டைச் செருகி முழுவிசையுடன் இறுக்கினால் இரு சுவர்களும் உள்நோக்கி நசுங்கும். நசுங்கிய இடத்தில் இறுக்கம் நிலைக்காது. துளைக்குள் தடித்த சுவருள்ள குழாய்த் துண்டு ஒன்றை வைத்து, போல்ட் அதன் வழியாகச் செல்லுமாறு அமைக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று பம்பரை நேராகச் சேசிஸிலேயே பற்றவைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். சேசிஸின் குறுக்காக ஓடும் பற்று அந்த எஃகை வெப்பத்தால் பலவீனப்படுத்துகிறது, விரிசலுக்குத் தொடக்கப் புள்ளி தருகிறது, விபத்துக்குப் பின் பம்பரைக் கழற்றவும் விடாது.

தகட்டின் தடிமனைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. 6 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. 10 மில்லிமீட்டர் என்றால் 78 கிலோவைத் தாண்டும். இந்த எடை முழுவதும் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. சக்கர இடைவெளி 3,085 மில்லிமீட்டர் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியில், பம்பரும் விஞ்சும் சேர்ந்து 90 கிலோவாகவும் அவற்றின் எடைமையம் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னாலும் இருந்தால், முன் அச்சில் கூடுவது ஏறக்குறைய 113 கிலோ. பின் அச்சிலிருந்து 23 கிலோ குறைகிறது. ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டால் முன்பகுதி தாழ்ந்து, எதற்காக வெட்டிக் குறைத்துப் பம்பர் செய்தோமோ அந்த ஏறுகோணமே (முன்பகுதி தரையில் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் அளவே) பறிபோகும். விஞ்ச் தொட்டிக்கும் பக்கத் தகடுகளுக்கும் 6 மில்லிமீட்டரைப் பயன்படுத்தி, முகப்புக்கும் இறக்கைகளுக்கும் 3 மில்லிமீட்டரே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பற்றவைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குறைந்த ஆம்பியரில் மெல்லிய ராடால் (வெல்டிங் குச்சியால்) 6 மில்லிமீட்டர் தகட்டின் மேல் அழகான கோடு போட்டுவிடலாம். ஆனால் அது தகட்டுக்குள் இறங்கியிருக்காது, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பம்பரைத் தொடுவதற்கு முன் அதே தகட்டின் இரண்டு துண்டுகளை டீ வடிவில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, குறட்டில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து மடக்கிப் பாருங்கள். பற்று ஒரு தகட்டிலிருந்து உரிந்து வந்தால் மெஷினின் அமைப்பு தவறு. வளைந்து கிழிந்து, முறிந்த முகத்தில் இரு தகடுகளின் உலோகமும் தெரிந்தால் சரி. 7018 என்ற வகை ராடு வலிமையானதுதான், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சினால் பற்றுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பின்னர் விரிசல் விடும். டர்பன் காற்றில் திறந்த பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்த 7018 ராடைச் சுமை தாங்கும் இணைப்பில் பயன்படுத்துவது பெரிய பிழை.

வெளிமூலைகளில் இரு தகடுகளை விளிம்போடு விளிம்பாக வைத்துப் பற்றவைத்து, பிறகு வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று கிரைண்டரால் தேய்த்துவிடுவது மிகப் பரவலான வழக்கம். தேய்த்துப் போவது பற்றின் பலம்தான். மிஞ்சுவது காகிதம்போல் மெல்லிய இணைப்பாக இருக்கலாம். தேய்க்கத்தான் வேண்டுமென்றால் விளிம்புகளை முன்கூட்டியே சாய்த்துச் செதுக்கி, உட்புற மூலையிலும் ஒரு பற்று ஓடவிட வேண்டும். இதைவிட நல்ல வழி, அந்த மூலையை மடிப்பு இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்து ஒரே தகடாக மடித்து வாங்குவது. மொத்தப் பற்றின் நீளமும் குறையும், வெப்பத்தால் ஏற்படும் கோணலும் குறையும். கோணலைத் தவிர்க்க, பம்பரை வண்டியில் மாட்டிய நிலையில் புள்ளிப்பற்று மட்டும் வைத்து, இறக்கிய பின் இருபுறமும் மாறிமாறிச் சிறுசிறு நீளமாக முழுப்பற்றை முடிக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போது பற்றவைக்கும் அந்தச் சிறிது நேரத்துக்கும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பைப் பற்றுக்கு அருகிலேயே மாட்டுவது கட்டாயம். நாகம் பூசிய குழாயைப் பூச்சை நீக்காமல் பற்றவைத்தால் வரும் புகை காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் உண்டாக்கும்.

மீட்புக் காதுகள், அதாவது ஷாக்கிள் எனும் முள்ளிட்ட இரும்பு வளையத்தை மாட்டும் தடித்த தகடுகள், முகப்பின் மேல் ஒட்டவைத்தவையாக இருக்கவே கூடாது. காது முகப்பில் வெட்டிய பிளவின் வழியே உள்ளே சென்று, சேசிஸில் மாட்டும் பக்கத் தகட்டோடு நீளமாகப் பற்றவைக்கப்பட வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியை நீளும் கயிற்றால் வெடுக்கென்று இழுக்கும்போது எழும் விசை விஞ்சின் சீரான இழுவையைவிடக் கொடியது. பிய்ந்த காது கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லக்கூடும். 4.75 டன் ஷாக்கிளின் முள் 22 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் துளையை அதற்கேற்பத் துரப்பணத்தால் போடுங்கள், வெட்டுத் தீயால் அல்ல. துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது துளையின் அகலத்தளவு இரும்பு மிஞ்சியிருக்கட்டும்.

விஞ்சை உள்ளே வைத்து முகப்பை மூடிய பிறகுதான் பலருக்குச் சில கேள்விகள் எழுகின்றன: கிளட்ச் கைப்பிடிக்குக் கை எட்டுகிறதா, அடிப் போல்ட்டுகளுக்குச் சாவி நுழைகிறதா, விஞ்ச் பழுதானால் பம்பரை வெட்டாமல் எடுக்க முடியுமா? நடுத்தர விஞ்சுகளின் கால்துளைகள் பெரும்பாலும் 254க்கு 114.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; ஆயினும் கையிலுள்ள விஞ்சை வைத்தே குறிக்க வேண்டும். கயிறு பம்பரிலிருந்து வெளிவரும் வழிகாட்டி வாயை எஃகுக் கம்பி உராய்ந்து கீறியிருக்க, அதிலேயே செயற்கை இழைக் கயிற்றை ஓடவிட்டால் கயிறு சீக்கிரமே பிய்ந்துபோகும். முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை இழுக்கும் மின்கம்பி, கூர்மையான தகட்டுத் துளையைக் கடந்தால் ரப்பர் வளையம் தேவை. பேட்டரிக்கு அருகில் ஒரு துண்டிப்பானும் தேவை. ரேடியேட்டருக்கு எதிரே விஞ்சையும் தகட்டையும் வைத்துக் காற்றை அடைத்துவிட்டால், சானி பாஸ் மலைப்பாதை போன்ற ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது என்ஜின் சூடேறுவதில் அது தெரியவரும்.

கடலோர உப்புக்காற்றில் மூடிய பெட்டிகள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். தாழ்ந்த இடம் ஒவ்வொன்றிலும் நீர் வடியும் துளை வைக்க வேண்டும். சூடான நாகத்தில் முக்கியெடுக்கக் கொடுக்கும் எண்ணமிருந்தால் காற்றுப் போகும் துளைகள் கட்டாயம். அடைபட்ட குழாய் ஏறக்குறைய 450 டிகிரி தொட்டியில் வெடித்துச் சிதறும்.

காற்றுப்பை உள்ள புதிய வண்டிகளைப் பற்றி எனக்கு வேறு கருத்து. சேசிஸ் முனையில் நசுங்குவதற்கென்றே அமைத்த பகுதியை வெட்டியெடுத்து இறுக்கமான பெட்டியை மாட்டினால், மோதலின்போது காற்றுப்பை எப்போது விரியும் என்பது மாறிவிடலாம். அதை வீட்டில் சோதிக்க வழியே இல்லை. அத்தகைய வண்டிக்கு, அந்த மாதிரிக்கென்றே சோதிக்கப்பட்ட பம்பரை வாங்க வேண்டும். காற்றுப்பை இல்லாத பழைய பக்கிகளுக்கே வீட்டுப் பம்பரை நான் பரிந்துரைப்பேன். அங்கும் நடந்து செல்பவரைக் கிழிக்கும் கூர் விளிம்பு இருக்கக் கூடாது, எண் பலகையும் விளக்குகளும் மறையக் கூடாது, காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்துமூலம் தெரிவித்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முதல் இழுவையைத் தனிமையான சமதளத்தில், ஆட்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்தி, சுமையைப் படிப்படியாக ஏற்றிச் செய்து பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, வெள்ளைப் பெயின்ட்டால் முன்பே கோடிட்ட ஒவ்வொரு போல்ட்டும் நகர்ந்திருக்கிறதா, பற்றின் ஓரங்களில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் சாவியால் மறுபடி இறுக்க வேண்டும். வெடிப்பு தென்பட்டால் அந்தப் பற்றை முழுவதும் செதுக்கியெடுத்துத்தான் புதிதாகப் போட வேண்டும், அதன் மேலேயே இன்னொரு பற்றை ஓட்டக் கூடாது.