ஸ்பின்னர்பெய்ட்டில் வாலும் கூடுதல் முள்ளும்: பாஸ் மீனுக்குக் கோர்க்கும் முறை

பாஸ் மீன் ஸ்பின்னர்பெய்ட் என்னும் போலி இரையைத் தட்டிவிட்டு நழுவினால், பலரும் உடனே பின்னால் இன்னொரு தூண்டில் முள்ளை மாட்டிவிடுவார்கள். பாதி நேரம் கோளாறு முள்ளில் இருக்காது. இரையின் பின்னால் கோர்த்த, அளவுக்கு மீறி நீண்ட ரப்பர் வாலில் இருக்கும். மீன் வால் நுனியைக் கவ்வுகிறது, முள்ளோ 2 அங்குலம் முன்னால் நிற்கிறது. அப்போது வாலைக் கத்தரித்தாலே போதும். வாலும் கூடுதல் முள்ளும் வெவ்வேறு வேலைக்கானவை. இரண்டுமே ஸ்பின்னர்பெய்ட்டின் சமநிலையை மாற்றும் என்பதால், எதை ஏன் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேண்டும்.

ஸ்பின்னர்பெய்ட் என்பது பெரிய ஊக்கு போல வளைந்த கம்பி. மேல் கையில் சுழலும் தகடுகள். கீழ்க் கையில் ஈயத் தலை, அதன் பின் சிலிக்கோன் இழைக் குஞ்சமான ஸ்கர்ட், அதற்குள் 4/0 அல்லது 5/0 அளவு முள் (முதல் எண் கூடினால் முள் பெரிது). அமெரிக்க ஏரிகளில் பெருவாய் பாஸுக்கு அதிகம் வீசப்படுவது 3/8 அவுன்ஸும் (சுமார் 10.5 கிராம்) 1/2 அவுன்ஸும் (14 கிராம்). கீழே சொல்லும் அளவுகள் இந்த இரண்டு எடைகளுக்கும் பொருந்தும்.

வால் எதற்கு, எந்த வால்

ட்ரெய்லர் எனப்படும் மென்பிளாஸ்டிக் வால் மூன்று வேலை செய்கிறது: இரையின் உருவத்தைப் பெரிதாக்கும், மூழ்கும் வேகத்தைக் குறைக்கும், இழுக்கும்போது மேலே தூக்கும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3/8 அவுன்ஸில் தடித்த துடுப்புவால் ஒன்றை மாட்டிவிட்டு, அது முன்பு ஓடிய அதே ஆழத்தில் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆழம் மாறாமல் இருக்க வேண்டுமானால் 1/2 அவுன்ஸுக்குப் போங்கள், அல்லது மெதுவாகச் சுற்றுங்கள்.

தெளிந்த நீரில், வில்லோ இலை போல நீண்ட இரட்டைத் தகட்டோடு வேகமாக இழுக்கும்போது, மெல்லிய பிளவுவால் போதும். வாலே இல்லாமலும் ஓட்டலாம். மழைக்குப் பின் கலங்கிய நீருக்கு வட்டமான கொலராடோ தகடும் 4 அங்குல இரட்டைச் சுருள்வாலும் நல்ல ஜோடி: தகடு அதிர்வைத் தரும், வால் உருவத்தைத் தரும், இரண்டும் சேர்ந்து மெதுவாக ஓட விடும். இலையுதிர் காலத்தில் ஷாட் என்னும் சிறு இரைமீன் கூட்டம் ஓடைவாய்களுக்குள் ஏறும்போது 3.5 அங்குல வெள்ளைத் துடுப்புவால் பொருந்தும். குளிர்ந்த நீரில் ஆட்டம் குறைந்த பிளவுவாலே மேல். அங்கே துடிப்பான வால் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம்.

வாலைக் கோர்ப்பது

முதலில் வாலை முள்ளின் பக்கவாட்டில் வைத்து அளந்து பாருங்கள். வாலின் மூக்கு ஸ்கர்ட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தொட வேண்டும். முள் வளையத் தொடங்கும் இடத்துக்கு நேராக வாலின் முதுகில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். முள் வெளியே வர வேண்டிய இடம் அதுதான். கண்மதிப்பில் குத்துபவர்கள் பெரும்பாலும் இடம் தவறி வெளியே எடுத்துவிடுகிறார்கள். அதனால் வால் நடுவில் கூன் விழுந்து, தண்ணீரில் சுழல ஆரம்பிக்கிறது.

மூக்கின் நட்டநடுவில் முள்ளைக் குத்தி, உடலின் நடுக்கோட்டை விடாமல் நுழைத்து, கீறலில் வெளியே எடுங்கள். பிறகு முள்ளின் நேரான தண்டிலுள்ள ஈயப் பிடிப்பைத் தாண்டும்வரை வாலை மேலே தள்ளுங்கள். பிடிப்பு இல்லாத மலிவு வகையென்றால் மூக்கில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கடைசியாகப் பின்னாலிருந்து பாருங்கள்: வாலின் நடுக்கோடும் முள்ளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சற்றுக் கோணலாக இருந்தாலும் கழற்றி மறுபடி கோருங்கள். "தண்ணீரில் சரியாகிவிடும்" என்பது நடக்காது.

முள் வளைவுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் 1 முதல் 1.5 அங்குலம்வரை இருக்கலாம். மிஞ்சினால் மூக்குப் பக்கம் அரை அங்குலம் வெட்டுங்கள். ஆடும் பகுதி வால் நுனி என்பதால் அங்கே கை வைக்காதீர்கள். ஸ்கர்ட் இழைகளும் வளைவைத் தாண்டி 1 செ.மீ.க்கு மேல் தொங்க வேண்டாம்.

கூடுதல் முள்

வாலைக் குறைத்த பிறகும் மீன் தட்டிவிட்டே போகிறதென்றால் இப்போது முள் சேர்க்கலாம். களையில்லாத நீரில் இதை எப்போதும் மாட்டியே வைத்திருப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை. அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரி போலப் புல் அடர்ந்த இடங்களில் அதே முள் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கைப்பிடி களையைக் கொண்டுவரும்.

இதற்கென்றே காது (நரம்பு கட்டும் வளையம்) பெரிதாகச் செய்த ட்ரெய்லர் முள் கடையில் கிடைக்கிறது. 3/8 அவுன்ஸுக்கு 1/0 அல்லது 2/0, 1/2 அவுன்ஸுக்கு 2/0 அல்லது 3/0. சாதாரண முள்ளின் காது பிரதான முள்ளின் எதிர்முள்ளை (நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூர்) தாண்டாது. குறடு வைத்து நெருக்கித் தள்ளினால் காது விரியும், அல்லது எதிர்முள் நசுங்கும். இரண்டுமே பெரிய மீன் இழுக்கும் நாளில்தான் தெரியவரும்.

மாட்ட இரண்டு வழி.

விறைப்பாக நிற்க வைப்பது: மருத்துவ ரப்பர் குழாயில் 6 மி.மீ. துண்டு வெட்டி, கூடுதல் முள்ளின் காது முழுதும் மறையும்படி மாட்டுங்கள். எச்சில் தொட்டால் எளிதாக ஏறும். பிரதான முள்ளின் நுனியைக் குழாயின் ஒரு பக்கச் சுவரில் குத்தி, காது வழியாக நுழைத்து, மறுபக்கச் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, எதிர்முள்ளைத் தாண்டி வளைவுவரை தள்ளுங்கள். இரண்டு நுனிகளும் மேல்நோக்கியே பார்க்க வேண்டும். மேலே ஓடும் கம்பியும் தகடும் கிளைகளைத் தள்ளிவிட்டு இரண்டு முள்ளையும் காக்கும். மூழ்கிய மரம், படகுத்துறைத் தூண்கள், அங்கங்கே புல் என்றால் இந்த வழிதான். காதில் ஏற்கெனவே ரப்பர் பூசி வரும் முட்களும் உண்டு. அவற்றுக்குக் குழாய் வேண்டாம்.

தளர்வாக ஆட விடுவது: காதை அப்படியே பிரதான முள்ளில் மாட்டி, அதன் பின்னால் ஒரு தடுப்பு வில்லையை எதிர்முள்ளைத் தாண்டித் தள்ளுங்கள். காப்பி டப்பாவின் பிளாஸ்டிக் மூடியைக் காகிதத் துளைப்பானால் குத்தினால் விழும் வட்டமே நல்ல வில்லை. முள் இருபுறமும் ஆடுவதால், பக்கவாட்டில் வந்து கவ்வும் மீனும் மாட்டும். திறந்த நீருக்கு ஏற்றது. ஆனால் வீசும்போது அது மேலே புரண்டு ஸ்கர்ட்டில் சிக்கிக்கொள்ளும். ஒரு வீச்சில் திடீரென்று அதிர்வு மாறினால் முதலில் அதைப் பாருங்கள்.

எந்த வழியானாலும் வாலை முதலில், முள்ளைப் பிறகு. கூடுதல் முள்ளின் நுனியை வாலுக்குள் செருகி வைக்காதீர்கள், வாலின் ஆட்டம் செத்துவிடும். அது வாலோடு ஒட்டியபடி, நுனி வெளியே தெரிய நின்றால் போதும்.

ஒரு போலி இரையில் எத்தனை முள் இருக்கலாம் என்பதில் அமெரிக்க மாநிலங்களின் விதிகள் வேறுபடும். உரிமம் வாங்கும்போதே அந்த மாநில விதிப்புத்தகத்தில் பார்த்துவிடுங்கள்.

நேராக ஓடுகிறதா?

இந்தச் சோதனையை விட்டுவிட்டால் மேலே செய்ததெல்லாம் வீண். மேலிருந்து பார்க்கும்போது மேல் கைக் கம்பி முள் தண்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பிறகு படகோரம் தெளிந்த நீரில் 2 மீட்டர் தூண்டில் நரம்பை விட்டு, முதலில் மெதுவாகவும் பின்பு நீங்கள் இழுக்கப்போகும் உச்ச வேகத்திலும் இழுத்துப் பாருங்கள். தகடு மேலே, முள் கீழே, சாயாமல் வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மேல் கையை எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்து மறுபடி இழுங்கள். வேகத்தில் மட்டும் புரண்டால் கம்பியைத் தொடாதீர்கள். வால் கோணல், அல்லது அந்த எடைக்கு வால் பெரிது. மீன் பிடித்த பிறகு கம்பி வளைந்திருக்கும், அப்போதும் இதே சோதனை.

நரம்பைக் கம்பி வளைவில் நேரடியாக முடியுங்கள். வளைவு மூடாத வகையில் ஸ்னாப் என்னும் இணைப்புக் கொக்கி மாட்டினால் அது மேல் கையில் வழுக்கிப் போய் ஓட்டத்தைக் கெடுக்கும். 7 அடி நடுத்தர-கனத் தடியும் 15 முதல் 20 பவுண்டு நரம்பும் பொருத்தம். கடித்ததும் வெடுக்கென்று சுண்டாமல், எடை தெரியும்வரை சுற்றிவிட்டுத் தடியைப் பக்கவாட்டில் வீசி இழுங்கள். இழுபடாத பின்னல் நரம்பில் அவசரப்பட்டால், மீன் வாயை மூடுமுன் இரையைப் பறித்துவிடுவீர்கள். அதையும் அரைக்கடி என்று கணக்கு வைத்து முள் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாஸைக் கீழுதட்டில் கட்டைவிரல் வைத்துத் தூக்குவது வழக்கம். கூடுதல் முள் மாட்டியிருக்கும்போது வேண்டாம். மீன் ஒரு முள்ளில் துள்ளும், மற்றொன்று விரலில் ஏறும். வலையில் எடுத்து, நீள்மூக்குக் குறடால் கழற்றுங்கள்.

மாலையில் பெட்டியில் போடும்முன் வாலைக் கழற்றுங்கள். மென்பிளாஸ்டிக்கிலுள்ள எண்ணெய்ப் பசை ஸ்கர்ட்டைப் பிசுபிசுக்க வைத்து நிறம் ஏற்றும். எலாஸ்டெக் எனப்படும் நன்றாக இழுபடும் பிளாஸ்டிக் வகை வால் மற்ற பிளாஸ்டிக் புழுக்களோடு சேர்ந்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தனிப் பை வேண்டும். ரப்பர் குழாயையும் கழற்றுங்கள்: உள்ளே தங்கும் ஈரத்தில் காது துருப்பிடிக்கும், வெயிலில் குழாய் வெடிக்கும். வெடித்த குழாய் அடுத்த மீனோடு முள்ளையும் சேர்த்து அனுப்பிவிடும். ஒரு அடி குழாயிலிருந்து 50 துண்டு கிடைக்கும். பழையதை மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.