மீன்தொட்டியில் மரக்கட்டை: எதற்குப் பயப்பட வேண்டும்?

புதுக் கட்டை தொட்டிக்குள் போன சில நாளில் அதன்மேல் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ படரும். கட்டை அழுகிவிட்டதென்று தூக்கி எறிபவர்கள் நிறைய. எறிய வேண்டியதில்லை. கட்டையில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. தீனி தீர்ந்தால் தானாகப் போய்விடும். தொட்டியில் இறால் இருந்தால் அது மேய்ந்துவிடும், இன்னும் சீக்கிரம்.

தண்ணீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு மாறுவதும் அப்படித்தான். கட்டையிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்குகிறது, மீனுக்குக் கெடுதல் இல்லை. பெட்டா என்ற சண்டை மீனை வளர்ப்பவர்கள் இதற்காகவே கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) சருகைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! செடிக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. நிறத்தைப் போக்கும் அவசரத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றுவதுதான் ஆபத்து. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்த்திருப்பது குளோரமின், மீனுக்கு நஞ்சு. வாளியில் ஓரிரவு வைத்தாலும் அது போகாது. அதை முறிக்கும் மருந்து கலந்தே ஆகவேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஓசியில் கிடைக்கும் கட்டைக்கு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் ஒதுங்கியது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்வரை உப்பு ஊறியிருக்கும். மேலே கழுவிப் பயனில்லை. பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் அனுமதியில்லாமல் கிளையைக் கொண்டுவருவது சட்டச் சிக்கல். அதை விட்டாலும், பச்சைக் கிளையில் சாறு இருக்கும், தண்ணீரில் அழுகும், பைன் போன்றவற்றில் பிசினும் இருக்கும். இங்கே தொட்டித் தண்ணீர் 28, 30 டிகிரியில் நிற்கிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அழுகும் கட்டை இருப்பதையும் இழுத்துக்கொள்ளும்.

பட்டையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பெயர்ந்து வந்தால் முழுவதையும் உரித்துவிடுங்கள். விட்டுவைத்தால் அதன் இடுக்கில் மீன் கழிவு சேரும், பிறகு துண்டு துண்டாக உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். கார்க் பட்டை விதிவிலக்கு, எளிதில் அழுகாது. ஆனால் லேசில் மூழ்கவும் மூழ்காது.

கடைகளில் கிடைக்கும், கிளை கிளையாகப் பிரிந்த ஸ்பைடர் வுட் கட்டையும் வாரக்கணக்கில் மிதக்கும். அதை மண்ணில் செருகிச் சுற்றிலும் புல்செடி நட்டால், ஒருநாள் கட்டை மேலே வந்து நட்டதையெல்லாம் கிளப்பிவிடும். முதலில் வாளியில் ஊறவிடுங்கள், அல்லது அடியில் கற்பலகையைத் திருகாணியால் பிணையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தால் சீக்கிரம் மூழ்கும். சமையல் பானை மட்டும் வேண்டாம். நாள் முழுக்க வேகவிட்டால் மென்மையான கட்டை நாராகிவிடும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகிய தொட்டிச் செடிகள் இரண்டையும் கட்டையிலேயே நூலால் கட்டுங்கள். ஜெல் சூப்பர் குளூ என்றால் ஒரு சொட்டு போதும். வேரும் இலையும் கிளம்பும் கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும்.