மூட்டை தூக்கிய கைக்கு டெட்லிஃப்ட்: முதல் எட்டுக் கிழமை

மூன்று புசல் நெல் மூட்டை ஏறக்குறைய 63 கிலோ. காலபோக அறுவடையில் அதை லொறிக்கு ஏற்றிப் பழகிய பெடியள் வன்னியில் எத்தனையோ பேர். ஜிம்முக்கு வந்த முதல் நாளே டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் பாரமேற்றிய இரும்புக் கம்பியை (பார்) நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதில், 100 கிலோவில் கை வைப்பதும் அவர்கள்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் மாதம் நாரி பிடித்தது. மூன்று கிழமை குனிந்து சப்பாத்துப் போட முடியவில்லை.

மூட்டை நெளியும், உடம்போடு ஒட்டும். முதுகை வளைத்து அணைத்தாலும் எப்படியோ எழும்பிவிடும். பார் நெளியாது. காலைவிட்டு நாலு விரல் தள்ளிப்போனாலே சுமை முழுக்க நாரியில் விழும். அதனால் இந்த எட்டுக் கிழமையும் நமக்கு ஒரே வேலைதான்: முதுகை இறுக்கி வைத்துக்கொண்டு தரையைக் காலால் தள்ளப் பழகுவது.

1. பாரின் உயரம்

டெட்லிஃப்டும் ஒரு பகுதியாக உள்ள பவர்லிஃப்டிங் போட்டியில், பாரின் இரண்டு முனையிலும் மாட்டும் பெரிய பிளேட்டின் (வட்டத் தட்டின்) விட்டம் 45 சென்ரிமீற்றர். அப்படியென்றால் பாரின் நடு, தரையிலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். நம்முடைய சின்ன ஜிம்களில் 5, 10 கிலோ இரும்புப் பிளேட்டுகள் இதைவிடச் சிறியவை. பார் தாழ்ந்து கிடக்கும், முதுகு தானாக வளையும். இரண்டு பக்கமும் பிளேட்டுக்குக் கீழே கனமான பலகையை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கற்கள் வேண்டாம், உருண்டுவிடும்.

2. மண்வெட்டிப் பிடியோடு

பாரைத் தொடுவதற்கு முன் ஒரு கிழமை இதைச் செய்யுங்கள். மண்வெட்டிப் பிடி ஒன்றை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றிலும் அது பட வேண்டும். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். ஓரிடம் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு 20 தடவை, வீட்டு முற்றத்திலேயே செய்யலாம்.

3. தூக்குவது

இடுப்பளவு அகலத்தில் கால்களை வையுங்கள். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். விரல்நுனிக்கும் குதிக்காலுக்கும் நடு என்பதை மறக்காதீர்கள். மேலிருந்து பார்க்கும்போது பார் காலோடு ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். மெத்தென்ற ஓட்டச் சப்பாத்து பாரத்தில் அமுங்கும், தட்டையான அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள்.

பாரை அசைக்காமல் குனிந்து பிடியுங்கள். பிறகு முழங்காலை மடக்கி, காலின் முன்னெலும்பு பாரைத் தொடும்வரை வாருங்கள். இதற்குமேல் இடுப்பைத் தாழ்த்த வேண்டாம், இது கதிரையில் இருக்கும் வேலை இல்லை. நெஞ்சை நிமிர்த்துங்கள். இரண்டு கமக்கட்டிலும் கொப்பி வைத்திருப்பதாகவும் அது விழக்கூடாதென்றும் நினைத்து இறுக்குங்கள்.

அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாருக்கும் பிளேட்டுக்கும் இடையில் கொஞ்சம் தொய்வு இருக்கும். வெடுக்கென்று இழுக்காமல், 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை மெல்ல இறுக்குங்கள். கிணற்றுக் கயிற்றில் வாளியின் பாரம் ஏறுவது கைக்குத் தெரியுமே, அதே மாதிரி. வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்குங்கள். இப்போது தரையைத் தள்ளுங்கள். பார் காலை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். நிமிர்ந்ததும் நில்லுங்கள், பின்னால் சாய வேண்டாம். இறக்கும்போது முதலில் இடுப்பு பின்னால் போகட்டும். பார் முழங்காலைத் தாண்டிய பிறகுதான் முழங்கால் மடங்க வேண்டும்.

பக்கத்தில் நின்று யாராவது போனில் வீடியோ எடுக்கட்டும். முதுகு வளைந்ததா என்பது தூக்குகிறவருக்குத் தெரியாது.

4. கிழமைக் கணக்கு

கிழமைக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. கிழமையின் முதல் நாள், தொடர்ந்து ஐந்து தடவை தூக்குவது ஒரு செட், அப்படி மூன்று செட். 40 கிலோவில் தொடங்கி கிழமைக்கு 5 கிலோ கூட்டினால் எட்டாம் கிழமை 75 கிலோவில் நிற்பீர்கள். ஐந்தாவது தடவையில் தூக்கும் முறை குலைந்தால் கூட்டுவதை 2.5 கிலோ ஆக்குங்கள். இரண்டு கிழமை நகராமல் நின்றால் பாரத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து மறுபடி ஏறுங்கள்.

இரண்டாம் நாள் பாரத்தை முக்கால் பங்காகக் குறைத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரண்டு விநாடி நிறுத்தித் தூக்குங்கள். பார் காலைவிட்டு விலகும் பழக்கம் இதில் போய்விடும்.

எவ்வளவு தூக்கலாம் என்று கிழமைக்குக் கிழமை சோதிப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. அந்த நாள் பலத்தை வளர்ப்பதில்லை, தின்றுவிடுகிறது. அறுவடை நாட்களில் மூட்டை ஏற்றினீர்களா? அதுவும் கணக்குத்தான், அந்தக் கிழமை ஒரு நாள் போதும். நாரி நோவு காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள்.

சாப்பாட்டில் பெரிய இரகசியம் இல்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 கிராம் புரதம் போதும். குளத்து மீன், முட்டை, பயறு, கச்சான் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

5. பிடி

இரண்டு உள்ளங்கையும் உங்களைப் பார்க்கப் பிடித்தே முதல் எட்டுக் கிழமையும் ஓட்டுங்கள், விரல்கள் பலப்படும். நம்முடைய வெயிலில் கை வழுக்கும், சோக் பூசலாம். கையில் சுற்றும் பட்டியைப் பழக்கமாக்காதீர்கள். பவர்லிஃப்டிங் போட்டியில் அதற்கு அனுமதியில்லை.

போட்டிக்குப் போக ஆசையென்றால் இன்னொன்றையும் இப்போதே பழகுங்கள். நிமிர்ந்து நின்றாலும், நடுவர் கையை இறக்கி 'டவுன்' என்று சொல்லும்வரை பாரை இறக்கக்கூடாது. முந்தினால் அந்தத் தூக்கு செல்லாது. பயிற்சியில் ஒவ்வொரு செட்டின் கடைசித் தடவையிலும் கூட்டாளி ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.