சர்க்குலர் சா பேஸ் பிளேட் வளைந்துவிட்டதா? நிமிர்த்தும் முன் கவனிக்க வேண்டியவை

கையில் பிடித்து அறுக்கும் சர்க்குலர் சா கீழே விழுந்தால் பெரும்பாலும் அடிபடுவது பேஸ் பிளேட்டின், அதாவது மரத்தின் மேல் படிந்து நகரும் அடித்தகட்டின் மூலைதான். மோட்டார் ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று பலரும் அப்படியே வேலையைத் தொடர்கிறார்கள். வெட்டு கோணலாகப் போவதோடு இது நிற்பதில்லை. பேஸ் முறுக்கிக்கொண்டால் பிளேடு பார்க்கும் திசை ஒன்று, நாம் தள்ளும் திசை வேறு. பிளேடின் பின்பக்கம் மரத்தை உரசிக் கருக்கும். இறுகிச் சிக்கினால் மிஷின் ஆளை நோக்கி எகிறும். 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றும்போது பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கி.மீ.

சுத்தியலை எடுப்பதற்கு முன், பேஸ் என்ன உலோகம் என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகடு, நிமிர்த்தலாம். ஒட்டாமல், தடித்த விளிம்பும் வரிவரியான முட்டுகளுமாக இருந்தால் அலுமினியம் அல்லது மெக்னீசிய வார்ப்பு. வார்ப்பை வளைத்தால் விரிசல் விடும். அந்த விரிசல் உடனே கண்ணுக்குத் தெரியாமல், வேலை நடுவில் வாய் பிளக்கவும் கூடும். அதற்கு ஒரே வழி, மாடல் எண்ணைக் காட்டிப் புது பேஸ் வாங்கி மாட்டுவதுதான்.

பேஸை மிஷினில் வைத்தபடியே தட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த அடி முழுக்க ஆழம் வைக்கும் பட்டைக்கும், அதன் ரிவெட்டுக்கும், கியர் பெட்டிக்கும் போகிறது. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றி, பேஸைத் தனியாக எடுங்கள். இரண்டு கெட்டி மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து வைஸில் பிடித்து மெதுவாக வளைக்க வேண்டும். இரும்பு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் ஒரு நூல் கூடுதலாகவே வளைக்க வேண்டியிருக்கும். விளிம்பில் தட்டுவதானால் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) போதும். இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் தகடு அடிபட்ட இடத்தில் விரிந்து புதிதாக ஒரு மேடு கிளம்பும். மேட்டை கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்குவதும் வேண்டாம். தகடு மெலியும்; மெக்னீசியமாக இருந்தால் அந்தத் தூள் தீப்பற்றும்.

நிமிர்ந்ததா என்று தடித்த கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். ஆடக் கூடாது. ஆனால் இங்கேயே வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பேஸ் சமமாக இருந்தாலும் பிளேடு அதன் விளிம்புக்கு இணையாக இல்லாமல் போகலாம். மாட்டிய பிறகு, மின்சாரம் இல்லாத நிலையில், பிளேடை மூடியிருக்கும் கார்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பல்லில் மார்க்கர் வையுங்கள். அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது பேஸ் விளிம்புவரை அளந்து, பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். வேறு பல்லை அளந்தால் பிளேடின் சொந்த ஆட்டமும் கணக்கில் சேர்ந்து குழப்பும். இரண்டு அளவும் ஒன்றாக வராவிட்டால் பட்டை முறுக்கியிருக்கிறது. சில மாடல்களில் இதைச் சரிசெய்யப் பின்பக்கம் ஸ்க்ரூ உண்டு.

பிளேடைப் பேஸுக்குச் செங்குத்தாக நிறுத்தும் 90 டிகிரி ஸ்க்ரூவைத் திருகி இந்த முறுக்கை மறைக்கப் பார்ப்பது வீண். அதை இணை சரியான பிறகே தொட வேண்டும். மூலைமட்டத்தைப் பல்லில் சாய்க்காமல் பிளேடின் தட்டையான உடம்பில் வையுங்கள். பல்லின் நுனி தட்டைவிட அகலம். பிறகு ஒரு கழிவுப் பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டைத் தலைகீழாகப் புரட்டி, வெட்டு முகங்களை ஒட்ட வைத்துப் பாருங்கள். பிழை இரண்டு மடங்காகத் தெரியும்.

கார்டு மட்டும் எந்தக் காரணத்துக்கும் சமரசத்துக்கு உரியதல்ல. வளைந்த பேஸில் கீழ் கார்டு உரசி நின்றுவிடும். உடனே கம்பி கட்டித் திறந்தே வைத்துவிடுகிறார்கள். தொடையில் வெட்டு விழுவது இப்படித்தான். பேஸை மாட்டியதும், வெவ்வேறு ஆழத்திலும் 45 டிகிரிச் சாய்விலும் கார்டைத் திறந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் தானாகவே பட்டென்று மூட வேண்டும். ஒரு இடத்தில் தயங்கினாலும் பிளக்கைச் செருகாமல் பேஸை மறுபடி கழற்றுங்கள்.