ஊர்க்காரர் போனில் எடுத்த மேள வீடியோக்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

யூடியூபில் ‘நாதஸ்வரம்’ என்று அடித்தால் முதலில் வருபவை கல்யாண மண்டபத்துக்கென்று தொகுத்த மங்கள இசை, சினிமாப் பாட்டு வாசிக்கும் மேடைக் கச்சேரி, ஆடியோ கம்பெனிகளின் பழைய கேசட்டுகள். சுவாமி புறப்பாட்டில் நள்ளிரவு தாண்டி, தெருமுனையில் நின்று யாரோ போனில் எடுத்த அரைமணி நேர ஆலாபனை நூறாவது இடத்தில்கூட வராது. அதுவும் அங்கேதான் இருக்கிறது, முப்பது நாற்பது பேர் மட்டும் பார்த்தபடி. பறை, உறுமி, நையாண்டி மேளம், பம்பை, கூத்து எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

தேடும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: வீடியோவை ஏற்றியவர் என்ன தலைப்பு வைத்திருப்பார்? அவர் இசை விமர்சகர் இல்லை. ராகத்தின் பெயரைப் போட மாட்டார். ஊர், சாமி, திருவிழா, வருஷம் இவற்றைப் போடுவார். சில நேரம் எதுவுமே போட மாட்டார்.

தொடங்கும் முன் யூடியூப் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டு இன்காக்னிட்டோவுக்கு மாறுங்கள். நீங்கள் நேற்றுவரை கேட்ட சினிமாப் பாட்டு தேடலுக்குள் எட்டிப் பார்ப்பது குறையும். பிடித்ததைச் சேமிக்க மட்டும் பழைய கணக்குக்குத் திரும்பலாம்.

அடுத்தது சொற்கள். வாத்தியத்தின் பெயரை விடத் திருவிழாவின் பெயர் நிறையக் கொண்டுவரும். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் ‘கொடை விழா’ என்றுதான் தலைப்பு இருக்கும். அதோடு சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று சாமி பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தால் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்வாத்தியமும் வந்து விழும். வட மாவட்டங்களுக்கு ‘மயானக்கொள்ளை’ போட்டுப் பாருங்கள். பம்பையும் உடுக்கையும் கிடைக்கும். முழு இரவுக் கூத்து வேண்டுமென்றால் ‘தெருக்கூத்து’ என்பதோடு நிற்காமல் ‘பதினெட்டாம் போர்’, ‘படுகளம்’ என்று திரௌபதி அம்மன் விழாவின் கட்டங்களைப் போடுங்கள். பறையைத் தப்பு, தப்பாட்டம், தப்பட்டை என்றும் தேட வேண்டும், இலங்கையில் பறைமேளம். மட்டக்களப்புக் கூத்துக்கு வடமோடி, தென்மோடி. யாழ்ப்பாணத்துக்கு ‘மேளக்கச்சேரி’, ‘தவில் சமர்’ இரண்டும் நன்றாக வேலை செய்யும். புலம்பெயர்ந்தோர் கோயில்களில் எடுத்தவையும் இந்தச் சொற்களிலேயே மாட்டும். மலேசியாவில் ‘உறுமி மேளம்’ குழுக்கள் ஏராளம். அவர்கள் தலைப்பைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வைப்பார்கள்.

கோயில் நாதஸ்வரத்துக்கு இன்னும் கூர்மையான வழி உண்டு. புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்கு வகைகள் இருக்கின்றன. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேர் கிளம்பும்போது தேர் மல்லாரி. வெறும் ‘மல்லாரி’ என்று தேடினால் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் முந்திக்கொள்ளும். வகைப் பெயரைச் சேர்த்தால் கோயிலுக்குள் எடுத்தவை மேலே வரும்.

எழுத்துக்கூட்டல் ஒரு பெரிய தடை. தமிழில் நாதஸ்வரம், நாதசுரம், நாகஸ்வரம், நாகசுரம் நான்கையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் ‘த’வுக்குப் பின்னால் எச் போடுபவரும் உண்டு, போடாதவரும் உண்டு. ‘ஸ்வ’வுக்கு வி, டபிள்யூ இரண்டும் நடக்கும். ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் முதல் பக்கம் மாறும். பொறுமையாக எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் சரக்கு கிடைக்கும்.

குப்பையைக் கழிக்க, வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள். ஸ்டேட்டஸ், ரீமிக்ஸ், டிஜே, மூவி ஆகிய நான்கையும் ஆங்கில எழுத்திலும் கழித்தாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும். பிறகு ஃபில்டரில் 20 நிமிடத்துக்கு மேற்பட்டவற்றை மட்டும் கேளுங்கள். முப்பது விநாடித் துணுக்குகள் போய்விடும்.

ஆனால் பழைய பதிவு தேடும்போது அந்த ஃபில்டரைத் தொடாதீர்கள். 2006 முதல் 2010 ஜூலை வரை யூடியூபில் சாதாரணக் கணக்குகளுக்குப் பத்து நிமிட வரம்பு இருந்தது. பிறகு அது பதினைந்து நிமிடமானது. அதற்கு மேல் நீளமானவற்றை ஏற்றும் வசதி 2010 டிசம்பரில்தான் பரவலாக வரத் தொடங்கியது. அதனால் அந்தக் காலத்துக் கச்சேரிகள் துண்டு துண்டாகத்தான் இருக்கும். முதல் துண்டு கிடைத்து மற்றவை வராவிட்டால், அதே தலைப்பைப் போட்டு எண்ணை மட்டும் மாற்றித் தேடுங்கள். ஒரே நாளில் ஏற்றப்பட்ட துண்டுகளாக இருந்தாலும் யூடியூப் அவற்றைச் சேர்த்துக் காட்டுவதில்லை. காலத்தைக் குறுக்க, தேடுபெட்டியில் சொல்லுக்குப் பின் ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’ என்று சிறிய எழுத்தில் அடித்து, ஒட்டியே கோலன் வைத்து, 2011-01-01 என்று தேதி கொடுங்கள். அந்தத் தேதிக்கு முன் ஏற்றியவை மட்டும் வரும். ‘ஆஃப்டர்’ இதற்கு நேர்மாறு. இரண்டையும் சேர்த்தால் ஒரு திருவிழாவின் பத்து நாளை மட்டும் வெட்டி எடுக்கலாம். நல்லூர்க் கந்தன் திருவிழா போல 25 நாள் நடப்பதற்கு இது அருமையாக உதவும்.

தலைப்பே வைக்காத வீடியோவை எப்படிப் பிடிப்பது? போன் தானாக வைத்த கோப்புப் பெயரைத் தேடுவதுதான் வழி. பல ஆண்ட்ராய்டு போன்கள் ஆங்கிலத்தில் வி, ஐ, டி என்ற மூன்று எழுத்தும் எட்டு இலக்கத் தேதியும் நேரமும் வைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்றால் அதே மூன்று எழுத்தும் தேதியும் வந்து, பின்னால் டபிள்யூ, ஏ என்று இரண்டெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பெயரை மாற்றாமல் ஏற்றினால் அதுவே தலைப்பாகிவிடும். 2019இல் தைப்பூசம் ஜனவரி 21. ஆகவே அந்த மூன்று எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு 20190121 என்று போடுங்கள். உலகம் முழுக்க அன்று எடுத்த பிறந்தநாள், கிரிக்கெட், பள்ளி ஆண்டுவிழா எல்லாம் கலந்துதான் வரும். படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே கீழே தள்ளுங்கள்: மஞ்சள் வேட்டி, காவடி வளைவு, டியூப்லைட் கட்டிய சப்பரம். கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேர், தெப்பம், தீமிதி நடந்த நாட்களைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்த வேலை சுலபம். மறுநாள் தேதியையும் போடுங்கள். இரவுப் புறப்பாடு பன்னிரண்டு மணியைத் தாண்டியிருக்கும். ஐபோனில் 2009 முதல் 2012 வரை யூடியூபுக்கு நேரே அனுப்பும் பொத்தான் இருந்தது. அப்போது போனவை ஐ, எம், ஜி என்ற மூன்று எழுத்தோடும் நான்கு இலக்க எண்ணோடும் கிடக்கின்றன. தேதி இல்லாததால் அவற்றைத் துழாவுவது கடினம்.

ஒரு நல்ல வீடியோ கிடைத்ததும் பக்கத்தில் வரும் பரிந்துரைகளுக்குப் போகாதீர்கள். சேனலுக்குள் நுழைந்து, வீடியோக்களைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். மேளம் பிடித்துப்போய் எடுத்தவர் ஒரு தடவையோடு நிறுத்தியிருக்க மாட்டார். கருத்துப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். வாசிப்பவர் யார், தவில் யார் என்று உள்ளூர்க்காரர் யாராவது எழுதியிருப்பார். அந்தப் பெயரை வைத்து அடுத்த தேடலைத் தொடங்குங்கள்.

கேட்கும் தரம் பற்றிச் சில விஷயங்கள். தவிலுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த பதிவில் ஒவ்வொரு அடிக்கும் நாயனம் அமுங்கி மேலெழும். போனின் மைக் ஒலியைத் தானாகக் குறைத்துக் கூட்டுவதால் வரும் கோளாறு அது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி எடுத்தது படத்தில் சுமாராக இருந்தாலும் காதுக்கு நன்றாக இருக்கும். யூடியூப் அமைப்பில் ‘ஸ்டேபிள் வால்யூம்’ என்று ஒன்று இருக்கிறது. வீடியோவின் பல்சக்கரக் குறியைத் தொட்டு, கூடுதல் அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். அது மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் சமமாக்கிவிடும். ஆலாபனையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்?

ஒரே பதிவைப் பலர் திருடி ஏற்றுவார்கள். ஓரம் வெட்டியிருந்தால், மூலையில் இரண்டு லோகோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். யூடியூபின் தானியங்கிக் காப்புரிமைச் சோதனையில் மாட்டாமலிருக்க வேகத்தைக் கூட்டியும் ஏற்றுவார்கள். வேகம் கூடினால் சுருதியும் ஏறும் என்பதால், கண்டுபிடிக்கச் சுருதிப் பெட்டி ஆப் போதும். இன்று வழக்கிலிருக்கும் நீளமான நாதஸ்வரமான பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும். பாரி நாயனம் கண்ணுக்குத் தெரிந்து, சுருதி மட்டும் மூன்றரைக் கட்டைக்கு மேல் நின்றால் வேகம் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மூலப் பதிவைத் தேடி அதையே பகிருங்கள்.

ஒலி மட்டும் போதுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் பக்கம் போங்கள். கேசட்டிலிருந்து மாற்றியவையும் 78 சுற்று இசைத்தட்டுகளும் அங்கே இருக்கின்றன. பலவற்றை இறக்கிக்கொள்ளவும் முடியும். மொழியைச் சிலர் முழுப் பெயராகவும் சிலர் மூன்றெழுத்துக் குறியாகவும் போட்டிருப்பதால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். ரசிகர்கள் பதிவுசெய்த கர்நாடகக் கச்சேரிகளுக்குச் சங்கீதப்பிரியா என்ற இணையதளம் நல்ல இடம். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஜாம் ஆப்பை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். வெளியான இசைத்தட்டோடு ஒப்பிட்டுத்தான் அது பெயர் சொல்லும்; தெருவில் வாசித்த ஆலாபனையை அதனால் அடையாளம் காட்ட முடியாது.

கிடைத்ததைத் தொலைக்காமல் வைப்பதும் வேலைதான். பிளேலிஸ்டில் சேர்த்த வீடியோவை உரியவர் நீக்கினால், நீக்கப்பட்டது என்ற ஒரு வரிதான் மிஞ்சும், தலைப்புகூட இருக்காது. ஆகவே தலைப்பு, சேனல், ஏற்றிய தேதி, முகவரியிலுள்ள 11 எழுத்துக் குறி நான்கையும் தனியாக எழுதி வையுங்கள். அந்தக் குறியைக் கூகுளிலும், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் போட்டால் சில சமயம் விவரமாவது திரும்பக் கிடைக்கும். ஃபேஸ்புக் நேரலைக்கு அவசரம் இன்னும் கூடுதல். 2025 பிப்ரவரியிலிருந்து புதிய நேரலைகள் 30 நாள்தான் அங்கே நிற்கும். ஊர்ப் பக்கத்தில் நல்லதைப் பார்த்தால் அதை யூடியூபில் ஏற்றச் சொல்லி உடனே எழுதுங்கள்.

சாவு வீட்டு ஒப்பாரியும் பறையும் தேடலில் நிறைய வரும். கேட்கலாம், முகம் தெரியும்படி பகிராதீர்கள். சாமியாடும் பெண்களின் காட்சிக்கும் இதுவே.

ஏற்றியவருக்குக் கருத்தில் எழுதும்போது ‘சூப்பர்’ என்று மட்டும் போடாமல் மேளக்காரர் பெயர், எந்த ஊர், எந்த வருஷம், எத்தனையாம் திருநாள் என்று கேளுங்கள். கூடவே, அன்று எடுத்த மற்ற துண்டுகள் போனில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். கேட்க ஆள் இல்லாததால்தான் ஏற்றாமல் வைத்திருப்பார்.