பல்கலைக்கழகம் கிடைக்குமா என்று கணக்குப் போடும்போது விடுகிற பிழைகள்

பல்கலைக்கழகத் தெரிவுக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தைக் கடந்து போவதற்குள் நாலு பேராவது என்னை நிறுத்திவிடுவார்கள். “சேர், மூணு பி. மெடிசின் கிடைக்குமா?” “சேர், போன வருசம் இதைவிடக் குறைஞ்ச புள்ளிக்குக் கிடைச்சிருக்கே?” பதினைந்து வருடமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பி வருகிறேன். அன்று நான் விட்ட பிழைகளையே இன்றைய பிள்ளைகளும் அப்படியே விடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அடையாள அட்டை இலக்கத்தைப் பிழையாக அடிப்பது, கடைசித் திகதியைத் தவறவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏ, பி, சி-யை எண்ணிப் பார்ப்பது

2001 முதல் பல்கலைக்கழகத் தெரிவு நடப்பது இசட் புள்ளியில். பாடத்தில் சித்தி, உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, குறித்த பாடநெறி கேட்கும் தகைமை எல்லாம் வாசலைத் திறந்துவிடும். உள்ளே யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்துவது இசட் புள்ளிதான்.

ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது எல்லோருடைய புள்ளிகளின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் வருவது அந்தப் பாடத்துக்கான இசட். மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்ததுதான் உங்கள் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானத்தில் இருக்கிற எண். உதாரணத்துக்கு, ஒரு பாடத்தின் இடை 40, நியம விலகல் 15 என்று வையுங்கள். அதில் 70 எடுத்த பிள்ளைக்கு பி, இசட் 2. இன்னொரு பாடத்தில் இடை 55, நியம விலகல் 20. அதில் 75 எடுத்தால் ஏ, ஆனால் இசட் 1 மட்டுமே. பி எடுத்த பாடம் ஏ எடுத்த பாடத்தைவிட இரண்டு மடங்கு தூக்கிவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணா மூன்று பி-யோடு போனார் என்பது உங்களுக்கு ஒன்றையும் சொல்லாது.

வீடு இருக்கிற மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்ப்பது

ஒரு பாடநெறிக்குக் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் இசட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற பிரிவுகளில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்தப் பதினாறில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் படித்த கண்டி மாவட்டப் பிள்ளை கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் கணக்குப் போடும்போது இருக்கிற விதியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பிள்ளைகள் சறுக்குவது எல்லையில். கினிகத்தேனை நுவரெலியா மாவட்டம், நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். கினிகத்தேனையில் குடியிருந்துகொண்டு நாவலப்பிட்டிப் பாடசாலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்த பையன் ஒருவன் நுவரெலியா வெட்டுப்புள்ளியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தான். பாடசாலை விண்ணப்பதாரிக்கு மாவட்டத்தைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் படித்த பாடசாலை. இடையில் பாடசாலை மாறியவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். கலைப் பிரிவுப் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலைப் பாடநெறிக்குத் தெரிவு அகில இலங்கைத் திறமையில் நடக்கிறது, மாவட்ட ஒதுக்கீடு கைகொடுக்காது.

போன வருட வெட்டுப்புள்ளியைச் சித்திப் புள்ளியாக நினைப்பது

வெட்டுப்புள்ளி என்பது போன வருடம் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி. யாரும் முன்கூட்டி நிர்ணயித்ததல்ல. இடம் கூடினால் இறங்கும், நன்றாகச் செய்த பிள்ளைகள் கூடினால் ஏறும். மூன்று நாலு வருடத்து எண்களை ஒரே தாளில் எழுதி, எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் புள்ளி அந்த ஏற்ற இறக்கத்துக்குள் இருந்தால் யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவேண்டாம். பெறுபேற்றுத் தாளிலுள்ள மாவட்ட நிலையையும் பாருங்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர்களில் சிலர் அகில இலங்கைத் திறமையில் போய்விடுவார்கள், அவர்கள் மாவட்ட இடத்தை எடுப்பதில்லை.

“கிடைக்கிறதை முதலில் போடு”

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்திருந்தாள். உயிரியல் விஞ்ஞானப் பிரிவு, மூன்றாவது தடவை எழுதியவள். விருப்பத் தெரிவுகளைத் தாயின் சம்பளச் சிட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். முதலாவது உயிரியல் விஞ்ஞானம், இரண்டாவது விவசாயம், ஐந்தாவதாகக் கால்நடை மருத்துவம். ஐந்தாவதைச் சுற்றி ஒரு வட்டம், அழித்த தடத்தோடு. தொழுவத்தில் மாடு கன்று போடும்போது கூடவே இருந்து பார்த்து வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்தே அதுதான் அவள் ஆசை என்று தாய் சொன்னார்.

“ஏன் மகள் அஞ்சாவது?”

“அது கஷ்டம் சேர். மேல போட்டா உள்ளதும் போயிரும்னு மாமா சொன்னாரு. ஆன்லைன்ல போட்டு அனுப்பியாச்சு, சரியான்னு கேக்கத்தான் வந்தோம்.”

கடைசித் திகதி முந்திய நாளே முடிந்திருந்தது. வெட்டுப்புள்ளி வெளியானபோது எங்கள் மாவட்டத்துக் கால்நடை மருத்துவத்துக்கு வந்த புள்ளியைவிட அவள் புள்ளி கூட. அவளுக்குக் கிடைத்தது உயிரியல் விஞ்ஞானம். மூன்று தடவையும் முடிந்துவிட்டதால் திரும்ப எழுதவும் வழியில்லை. நாட்டில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது. அவள் வீட்டிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்விடக்கூடிய தூரம்.

தெரிவு எப்படி நடக்கிறது என்று ஒருவராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் போதும். உங்கள் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலாவதுக்கு உங்கள் இசட் புள்ளி போதுமா? போதாவிட்டால் இரண்டாவது, அதுவும் போதாவிட்டால் மூன்றாவது. எங்கே போதுமோ அங்கே நின்றுவிடும், அதற்குக் கீழே இருப்பவை பார்க்கப்படுவதே இல்லை. பின்னர் வெற்றிடம் நிரப்பும்போதும் கிடைத்ததற்கு மேலே போட்டவற்றுக்குத்தான் மாற்றிவிடுவார்கள், கீழே போட்டதற்கு இறக்குவதில்லை.

இந்தப் பயத்தின் வேர் ஒரு தப்பான நம்பிக்கை. விவசாயத்தை முதலாவதாகப் போட்ட பிள்ளைக்கு, அதையே இரண்டாவதாகப் போட்ட பிள்ளையைவிட முன்னுரிமை உண்டு என்று நினைக்கிறார்கள். கிடையாது. அந்த இடத்துக்கு இருவரையும் பிரிப்பது இசட் புள்ளி மட்டும்தான். கஷ்டமானதை மேலே போட்டு அது கிடைக்காமல் போனால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை, அடுத்த தெரிவுக்கு அதே பலத்தோடு போகிறீர்கள். லேசானதை மேலே போட்டால் அது கிடைத்துவிடும். ஆபத்தே அதுதான்.

எனக்கும் இதுதான் நடந்தது. பொறியியலை மூன்றாவதாகப் போட்டேன். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகப் போகிறவன், ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம். எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரும் பௌதிக விஞ்ஞானத்தையே முதலில் போடச் சொன்னார். கிடைத்தது. பேராதனைப் பொறியியலின் வெட்டுப்புள்ளி என் புள்ளிக்குக் கீழே இருந்ததை அறிவித்தல் பலகையில் விரலை வைத்துப் பார்த்தேன். இன்று கணிதம் கற்பிக்கிறேன், அந்தத் தொழிலை நேசிக்கிறேன். ஆனால் பொகவந்தலாவைப் பிள்ளையின் சிட்டையில் அந்த வட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே புத்திமதியை அதே அக்கறையோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே பட்டியல் எழுதும்போது வெட்டுப்புள்ளித் தாளை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லாம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் எதற்குப் போவீர்கள்? அது முதலாவது. அதை எடுத்துவிட்டால் அடுத்து எது? அது இரண்டாவது. விண்ணப்பத்தில் தெரிவுகளைக் குறிக்கும் யுனி-கோட் ஒவ்வொன்றும் ஒரு பாடநெறியையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிப்பது. எனவே யாழ்ப்பாணத்தில் மருத்துவமா, பேராதனையில் கால்நடை மருத்துவமா என்ற கேள்விக்கும் நீங்களே பதில் வைத்திருக்க வேண்டும். வெட்டுப்புள்ளித் தாளைத் திரும்ப எடுப்பது கடைசியில், பட்டியலின் அடிப்பகுதியில் நிச்சயம் கிடைக்கக்கூடியவை போதியளவு இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும். போக மனமில்லாத எதையும் போடவேண்டாம்.

பௌதிகவியல் ஆசிரியர் இல்லையென்று விவசாய விஞ்ஞானம் எடுத்துவிட்டு மருத்துவத்தைக் கணக்குப் பார்ப்பது

மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். இதைப் பன்னிரண்டாம் ஆண்டில் சேரும் நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

உளச்சார்புப் பரீட்சையை மறப்பது

மொறட்டுவையில் கட்டடக்கலை, இன்னும் சங்கீதம், நடனம் போன்றவற்றுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கொமினிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சல்

கொமினிகேஷன், அதாவது தொலைபேசி, இணைய வசதிக் கடைக்காரரின் மின்னஞ்சலை விண்ணப்பத்தில் போடவேண்டாம். லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு)க் கடிதம் தோட்டக் காரியாலயம் சுற்றி வந்து சேரும் காலத்தில் பிந்தியவர்கள் நாம். இப்போது செய்தி உடனே வருகிறது, ஆனால் கடைக்காரரின் தொலைபேசிக்கு. தோட்டத்துத் திருவிழாவுக்காகக் கடை ஒரு வாரம் பூட்டிக் கிடந்ததில் பதிவுத் திகதியைத் தவறவிடப் பார்த்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் உருவாக்கி, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி, கொப்பியை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.